வராத கார் விற்பனைக்கு

காரை விற்றுவிடுவது என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு செய்தது ஒரு காலை வேளையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு. உறுதியான முடிவு. இனி அந்த முடிவைப் பிரம்மாவே வந்து கேட்டாலும் மாற்றுவதற்கில்லை. ஒரே ஒரு சிக்கல்தான். கார் இன்னும் வரவில்லை.

மின்சாரக் கார். புக் செய்து வெகு நாளாகிவிட்டது. போன் செய்தால் ஷோரூம் பெண், "அடுத்த வாரம் கண்டிப்பா சார்" என்பாள். அவள் குரலில் இருந்த இனிப்புக்கு, கேட்டவர்கள் போனை வைத்துவிட்டு வாயைக் கொப்பளிக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரங்கள் ஒழுங்காக வந்துபோயின. கார்தான் வரவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் தன் தொழிலில் கெட்டிக்காரர். ஆளை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? இதுவா? அதுவா?" என்று கேட்டே எதிராளியின் பார்வையைச் சரிசெய்துவிடுவார். தன் விஷயத்தில் மட்டும் அவருக்குத் தூரப்பார்வை கொஞ்சம் அதிகம். எந்தப் பொருளை வாங்கினாலும், அதை விற்கப்போகிற நாள்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும்.

அதனால் அவர் வீட்டு சோபா இன்றுவரை பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. கோடையில் விருந்தாளி எழுந்தால் சோபாவும் கூடவே எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பும். டிவி ரிமோட்டுக்குச் சட்டை. அந்தச் சட்டைக்கு மேல் ஒரு மேல்சட்டை. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, இஸ்திரிப்பெட்டி வந்த அட்டைப்பெட்டி எல்லாம் பரணில் பத்திரம். பெட்டியோடு விற்றால் மதிப்புக் கூடுமாம்.

"கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாகிட்ட என்னோட அட்டைப்பெட்டியைக் கேக்காம விட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்பாள் மனைவி.

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் முட்டி, முதுகு, தோள்பட்டை என்று பழுது பார்ப்பவள். ஒரு தோளில் பெரிய பை, இன்னொரு தோளில் சுருட்டிய பாய், கையில் ரப்பர் பட்டைகள். இரண்டு பஸ் மாறி நோயாளி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது யார் யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்று சந்தேகம் வந்துவிடும். அவளுக்காகத்தான் இந்தக் கார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் முகத்தை வைக்கும் வரை. பழைய கார் வாங்கி விற்பவர். தெருவில் அவருக்குப் பெயர் 'செகண்ட்ஹாண்ட்'.

"என்ன, புது வண்டியாமே? எலக்ட்ரிக்காமே?"

"ஆமாங்க." கண்ணாடிக்கடைக்காரருக்கு நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது.

செகண்ட்ஹாண்ட் மதிலுக்கு மேலாகக் கையை நீட்டி, துக்கம் விசாரிப்பவர் போல அவர் தோளைத் தொட்டார்.

"சின்னப் பசங்க ஏமாறலாம். நீங்க ஏமாறலாமா?"

"ஏங்க, என்னாச்சு?"

"ரீசேல் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

அந்த ஒரு சொல் கண்ணாடிக்கடைக்காரரின் காதுக்குள் எறும்பாகப் புகுந்தது.

"ஷோரூம் வாசப்படியைத் தாண்டினா பாதி விலை. தெருமுனை திரும்பினா மீதியில பாதி. வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துறப்போ, எடுத்துட்டுப் போறவன் கையில நீங்கதான் ஏதாவது குடுத்து அனுப்பணும்."

"அவ்வளவு மோசமாவா?"

"பேட்டரி போச்சுன்னா அப்புறம் அது வண்டி இல்லைங்க. சக்கரம் வெச்ச பீரோ. துணி மடிச்சு வெச்சுக்கலாம். பெட்ரோல் வண்டின்னா நான் மோந்து பாத்தே விலை சொல்லிடுவேன். இதுல எதை மோந்து பாக்குறது? மின்சாரத்தையா? மோந்து பாத்தவன் எவனும் திரும்பி வந்து விலை சொன்னதில்லை."

கண்ணாடிக்கடைக்காரர் மதிலை இறுகப் பிடித்துக்கொண்டார். "இப்ப என்ன பண்றது?"

"வண்டி வந்துட்டா அது செகண்ட்ஹாண்ட். வராதவரைக்கும் ஃபர்ஸ்ட்ஹாண்ட். பின்னால வரிசையில எத்தனை பேர் காத்துக் கெடக்கிறாங்க! உங்க முறையை அப்படியே ஒருத்தருக்குக் கைமாத்தி விட்டுருங்க."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்களைச் சோதிக்கும்போதும், "இது தெளிவா, அது தெளிவா? வெச்சுக்கலாமா, வித்துடலாமா?" என்று வாய் தவறியது. ஒரு பெரியவர், "கண்ணையா?" என்று பதறி எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பற்பசை முடிவு. இப்போது முறையை விற்றுவிடுவது. எல்லாரும் விற்று விலை இறங்கிய பிறகு வேறு ஒன்றை மலிவாக வாங்கிக்கொள்வது. மனைவி கேட்டால், அந்த ஷோரூம் பெண்ணின் 'அடுத்த வார'த்தையே இன்னும் கொஞ்ச காலம் நீட்டிக்கொண்டு போவது. திட்டத்தில் ஓட்டை எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கண் விஷயத்தில் அவரை மிஞ்ச யார்?

விளம்பரத்தை அவரே எழுதினார். "மின்சாரக் கார் விற்பனைக்கு. ஒரே கை. அந்தக் கையும் இன்னும் பட்டதில்லை. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதது. கீறல், நசுங்கல், அழுக்கு, நிழல் எதுவும் விழாதது." அதை செகண்ட்ஹாண்டின் கடைப் பலகையில் ஒட்டச் சொன்னார்.

"வீட்டுல தெரியக் கூடாதுங்க."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய வராது" என்று செகண்ட்ஹாண்ட் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அந்தச் சொல்லை அவர் கடைசிவரை காப்பாற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து போர்ட்டிகோ சுவரில் சார்ஜ் செய்யும் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார். மனைவி அதை விளக்குப் போலத் துடைத்துத் துடைத்து வைத்தாள். சாயங்காலமானால் கூடத்தில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தட்டு ஒன்றை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு பயிற்சி எடுத்தாள். டிரைவிங் எல்லாம் அவள் கற்று முடித்தாயிற்று. இருந்தாலும் கை மறந்துவிடக் கூடாதாம்.

"ஏங்க, வந்து உக்காருங்க. வண்டி கிளம்புது."

"நான் பேப்பர் படிக்கிறேன்."

"உள்ள உக்காந்து படிங்க. பெல்ட் போடுங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வலது பக்கம் திரும்பறேன். கையை உள்ள இழுங்க."

"அந்தப் பக்கம் சோபாதான் இருக்கு."

"லாரி வருதுங்க!"

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வண்டி வந்ததும் முதல்ல அந்த மேட்டுத் தெரு தையல்காரர் வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள் அவள், தட்டைத் திருப்பியபடி. "அங்க பஸ்ஸே கிடையாது. மேடு ஏறி நடக்கணும். நான் போய்ச் சேர்றதுக்குள்ள மூச்சு வாங்கி, அவரு எனக்குத் தண்ணி குடுத்து, நாற்காலி போட்டு, விசிறி விடுறாரு. தோள் தூக்க முடியாத மனுஷன்! போன வாரம் விசிறி விட்டு விட்டே அவரு தோள் சரியாயிடுச்சு. பீஸ் வாங்கவே கூச்சமா இருந்துச்சு."

கண்ணாடிக்கடைக்காரர் சிரித்தார். பிறகு பேப்பரை மெதுவாக மடித்தார். "ஒருவேளை... வண்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னா?"

"ஏன் தள்ளிப் போகணும்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"வேகத்தடை!" என்று அவள் காலை அழுத்தினாள். அவர் நிஜமாகவே முன்னால் குலுங்கிப் போய்த் திரும்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. கைத்தடி ஒன்று முதலில் இறங்கியது. அதன் பின்னால் ஒரு பெண்மணி. நரைத்த கொண்டை, நிமிர்ந்த முதுகு, எதிரில் நிற்பவர் வீட்டுப்பாடம் செய்தாரா என்று கேட்கும் பார்வை.

"நீங்கதானே கார்காரர்? நான் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். எலக்ட்ரிக் கார் ஒண்ணு வாங்கலாமான்னு இருக்கேன். ஆனா எனக்குச் சந்தேகம் நிறைய. கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க டீச்சர்." அவரை அறியாமலே கண்ணாடிக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

"கார் எங்க?"

"இங்கதான் நிக்கும்." காலியாகக் கிடந்த போர்ட்டிகோவைக் காட்டினார்.

அந்தம்மா காலியிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கைத்தடியால் தரையைத் தட்டினார். "இதை நாளைக்கு நான் விக்கணும்னா என்ன விலை போகும்?"

கேள்வி நேராக வந்து நெற்றியில் அடித்தது. தன்னுடைய கேள்வி. இத்தனை நாள் தன்னைத் தின்ற கேள்வி. ஆனால் இப்போது அவர் விற்கிற பக்கம் நிற்கிறார். விற்கிற பக்கத்துக்கு வேறு வாய் உண்டு.

"என்னங்க டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க! வாங்குறதுக்கு முன்னாடியே விக்கிறதைப் பத்தி யோசிக்கிறதா? குழந்தைக்குப் பேர் வைக்கும்போதே பென்ஷன் கணக்குப் போடுவாங்களா?"

"பேட்டரி தேஞ்சு போகுமாமே?"

"தேயாதது எதுங்க? நம்ம முட்டி தேயலையா? தேயுதேன்னு யாராவது நடக்காம இருக்கோமா?"

சொன்ன பிறகுதான் கைத்தடியைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அந்தம்மா கோபப்படவில்லை. தன் முட்டியைக் குனிந்து பார்த்து, "அது சரிதான்" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு உற்சாகம் ஏறியது. கூடத்திலிருந்து இரண்டு நாற்காலிகளையும் கொண்டுவந்து போர்ட்டிகோவில் போட்டார்.

"உக்காருங்க டீச்சர். கண்ணை மூடுங்க. இப்ப வண்டியை ஸ்டார்ட் பண்றேன்."

அந்தம்மா உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏதாவது சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்! அதுதான் இந்த வண்டியோட எஞ்சின் சத்தம்."

ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நடுவழியில சார்ஜ் தீந்துட்டா?"

"தீர்ற வரைக்கும் நம்ம விட்டாத்தானே? செல்போனைத் தினம் செருகறோம். பல்லைத் தினம் தேய்க்கறோம். இதையும் அதோட சேத்துக்க வேண்டியதுதான். காலையில எழுந்தா வண்டி ரெடி. பெட்ரோல் பங்க்ல நிக்க வேண்டாம், புகை இல்லை, எண்ணெய் இல்லை. கிளட்சும் கிடையாது, கியரும் கிடையாது. உங்க முட்டிக்கு இதைவிட ஒரு வண்டி பிறந்துதான் வரணும்."

பேசப் பேச அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு சந்தேகம் விழுவதும் அதற்கு ஒரு பதில் துள்ளி எழுவதுமாக நேரம் போனது. இரவல் வாங்கிய பயங்கள் ஒவ்வொன்றாக அவர் வாயாலேயே நொறுங்கின. டீ போட்டுக் கொடுத்தார். சார்ஜ் பெட்டியைத் திறந்து மூடிக் காட்டினார். அது அத்தனை பளபளப்பாக இருந்தது. மனைவி தினம் துடைக்கிற பளபளப்பு.

அந்தம்மா கடைசி மிடறு டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"எனக்கு இனிமே சந்தேகம் இல்லை. வாங்கிடறேன்."

அந்த இடத்தில்தான் கண்ணாடிக்கடைக்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. காலியான போர்ட்டிகோ திடீரென்று அவருக்குக் காலியாகத் தெரியவில்லை. அங்கே ஒரு கார் நின்றது. கதவைத் திறந்துகொண்டு மனைவி இறங்கினாள். தோளில் பை இல்லை, பாய் இல்லை. எல்லாம் பின்சீட்டில். முகத்தில் களைப்பும் இல்லை. மேட்டுத் தெருவில் ஒரு தையல்காரர் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, வேலை போன வருத்தத்தோடு நின்றார்.

"டீச்சர்... மன்னிச்சுக்குங்க. இந்த வண்டி விக்கிறதுக்கில்லை."

"ஏன்?"

"இது என் வீட்டுக்காரிக்காக வாங்கினது. அவ ரெண்டு பஸ் மாறிப் போறா டீச்சர். எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. நீங்க எத்தனை குடுத்தாலும் சரி, நான் விக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மாணவன் எதிர்பாராமல் பாஸாகிவிட்டால் பார்ப்பது போல.

"இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு? ரொம்ப நல்லது" என்றார். கைத்தடியை வீசி நடந்து டாக்ஸியில் ஏறி, சந்தோஷமாகக் கையாட்டிவிட்டுப் போனார். வந்த காரியம் நடக்காமல் இவ்வளவு சந்தோஷமாகத் திரும்புகிற ஆளைக் கண்ணாடிக்கடைக்காரர் பார்த்ததே இல்லை.

உடனே செகண்ட்ஹாண்ட் கடைக்கு ஓடினார். பலகையிலிருந்து விளம்பரத்தைக் கிழித்தார்.

"ஏன், ஆள் கிடைச்சாச்சா?" என்றார் செகண்ட்ஹாண்ட்.

"கிடைச்சாச்சு. நான்தான்."

மறுநாள் ஷோரூம் பெண் அவளாகவே கூப்பிட்டாள். வழக்கமான இனிப்பு. ஆனால் சொல் புதிது. "உங்க வண்டி வந்தாச்சு, வாங்க."

இருவரும் பஸ் பிடித்துப் போனார்கள். கடைசி பஸ் பயணம் என்று மனைவி கண்டக்டரிடம்கூடச் சொன்னாள். ஷோரூமுக்குள் கார் புத்தம் புதிதாக நின்றது. கண்ணாடிக்கடைக்காரர் அதன் முன்கண்ணாடியைத் தொழில்முறையில் ஒருமுறை உற்றுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். சாவிக்காகக் கையை நீட்டினார்.

ஷோரூம் பெண் அவர் கையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாவியை மனைவியிடம் கொடுத்தாள். "வாழ்த்துகள் மேடம். வண்டி உங்க பேர்ல ரெடி."

"உன் பேர்லயா?"

"புக் பண்ணின அன்னிக்கு யார் பேர்லன்னு கேட்டாங்க" என்றாள் மனைவி. "நீங்க எங்க இருந்தீங்க? டெஸ்ட் வண்டியோட சீட் உறையைக் கிழிக்கக் கூடாதுன்னு அங்க ஒருத்தரோட மல்லுக்கு நின்னுக்கிட்டு இருந்தீங்க. என் பேரைச் சொல்லிட்டேன்."

"அப்ப... நான் இதை..."

"வித்திருக்கவே முடியாது."

சாவிக்கு நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். "உனக்குத் தெரியுமா?"

"பக்கத்து வீட்டம்மாவுக்கு இடுப்பு வலின்னு உங்களுக்குத் தெரியாதா? அவங்க வீட்டுக்காரரு வாயைத் திறக்கலை. ஆனா பலகையில ஒட்டியிருந்ததை அந்தம்மா படிச்சுட்டாங்க. என் கையில இடுப்பைக் குடுத்துட்டுக் குப்புறப் படுத்தவங்க எதையும் மறைச்சதில்லைங்க."

அப்போதுதான் மூலையில் ஒரு கைத்தடி தெரிந்தது. அதைத் தொடர்ந்து நரைத்த கொண்டை. ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னொரு பெண்ணிடம், "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷர்" என்றார் மனைவியிடம். "என் முட்டியைப் பத்திக்கூட எடுத்துச் சொன்னாரு."

"டீச்சர் என் பேஷண்டுங்க" என்றாள் மனைவி, கணவரிடம்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு எல்லாம் ஒரே நொடியில் தெளிவாகத் தெரிந்தது. சில்லை மாற்றிப் போட்டது போல.

கார் வெளியே வந்தது. மனைவி ஓட்டினாள். தட்டைப் பிடித்துப் பழகிய கைகளா இவை என்றிருந்தது. வெயில் முன்கண்ணாடியில் விழுந்து தங்கமாகத் தெறித்தது. ஷோரூம் வாசப்படியைத் தாண்டியதும் அவர் மனதில் எந்த விலையும் பாதியாகவில்லை. தெருமுனை திரும்பியும் ஆகவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு கூட்டம் கையில் பைகளோடு நின்றது. அவள் அதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்மா."

"சொல்லுங்க."

"நான் பண்ணின கூத்துக்கு வேற ஒருத்தியா இருந்தா வீட்டை ரெண்டாக்கியிருப்பா. நீ ஒரு வார்த்தை பேசலை. டீச்சரை அனுப்பி, என்னையே பேச வெச்சு, என் வாயாலயே என்னைத் திருத்திட்டே. உன் மூளைக்கு முன்னால நானெல்லாம் தூசு. என் மேல உனக்கு இவ்வளவு அக்கறைன்னு எனக்கு இப்பதாம்மா புரியுது."

சிக்னலில் வண்டி நின்றது. மனைவி திரும்பி அவரை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"உங்களைத் திருத்தவா? நல்லாருக்கே! டீச்சருக்குத்தாங்க வாங்கலாமா வேணாமான்னு ஒரே குழப்பம், விவரம் சொல்ல ஆள் வேணும்னாங்க. 'ஞாயித்துக்கிழமையில எங்க வீட்டுல ஒருத்தர் சும்மாதான் உக்காந்திருப்பாரு, போய்க் கேளுங்க'ன்னேன்."